வண்டி பழக்கிய பரிபூரணம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பரிபூரணத்தை முதலில் எல்லாருக்கும் ரொட்டிக்காரம்மா என்றுதான் தெரியும். அவள் புருஷன் ராபர்ட் ஒரு பேக்கரிக்குச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய மொபெட்டின் இரண்டு பக்கமும் தகர டின்களைக் கட்டிக்கொண்டு, கிருஷ்ணன்கோவில் வரைக்கும் உள்ள டீக்கடைகளுக்குப் பன்னும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பார். எண்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய் ஓடையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. மூன்று மாதம் கழித்து எழுந்து நடந்தார். ஆனால் காலைத் தூக்கி வண்டியில் போட முடியவில்லை.

வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை அருள்செல்வி. பேக்கரிக்காரர் வேறு ஆள் பார்க்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே பரிபூரணம் மொபெட்டை உருட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குப் போனாள். ராபர்ட் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு வாயால் சொல்லிக் கொடுத்தார். நாலு நாள் விழுந்தாள். முழங்கை இரண்டும் தோல் உரிந்துபோயின. ஐந்தாம் நாள் விடியக்காலம் டின்களைக் கட்டிக்கொண்டு மதுரை ரோட்டில் ஏறினாள். டீக்கடைகளில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார்கள். அப்போது அந்த வட்டாரத்தில் வண்டி ஓட்டிய பெண்ணென்று இன்னொருத்தியைச் சொல்ல முடியாது.

அப்படி ஓட்டிக்கொண்டு போகிறவளைத்தான் எண்பத்தேழில் வைகுண்டராஜ் காரை நிறுத்திப் பார்த்தார். அவர் ராஜபாளையத்துக்காரர். பஞ்சு வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட பிறகு தன் பங்கைப் போட்டு, தென்காசி ரோட்டில் 'சாரிகா' மொபெட்டுக்கு ஏஜென்சி எடுத்திருந்தார். கம்பெனி வடக்கே எங்கேயோ இருந்தது. வண்டி பார்க்க லட்சணமாக இருக்கும். கியர் கிடையாது. முன்னால் சாமான் வைத்துக்கொள்ள இடம் உண்டு. பெண்களுக்கென்றே செய்த வண்டி என்று கம்பெனி விளம்பரம் செய்தது. ஆனால் ராஜபாளையத்தில் அதை வாங்கப் பெண்கள் கடைப்படி ஏறவில்லை.

"ஒனக்கு யாரும்மா பழக்கிவிட்டது?" என்று கேட்டார்.

"நானேதான் பழகிக்கிட்டேன் சார். வீட்ல அவிய வாயால சொன்னாவ, நான் விழுந்து விழுந்து ஓட்டினேன்."

"மத்தவங்களுக்குப் பழக்கிவிடுவியா?"

பரிபூரணம் டின்களைப் பார்த்தாள். பன் ஆறிக்கொண்டிருந்தது. "என்ன தருவீய?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழ் பேசும்போதும் ஒப்புக்கொண்டதற்கு 'சரே' என்றுதான் சொல்வார். அவள் கேட்ட சம்பளத்துக்கும் ஒரு 'சரே' போட்டார்.

அப்படித்தான் அவள் வண்டி பழக்குகிறவளானாள்.

விடியக்காலம் ஆறு மணிக்கு ராஜபாளையம் ஜவஹர் மைதானத்தில் வேலை தொடங்கும். அவளுக்கென்று கடையில் சிவப்பு நிறத்தில் ஒரு டெமோ வண்டி கொடுத்திருந்தார்கள். புதிதாக வண்டி வாங்கியவர்களும், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களும் அதில்தான் பழகுவார்கள். டீச்சர்கள், தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், மில் ஆபீஸில் டைப் அடிக்கிறவர்கள், ஜவுளிக்கடை வைத்திருந்த ஆவுடையம்மாள் என்று ஒவ்வொருத்தராக வந்தார்கள். சேலைக் கொசுவத்தை எப்படிச் செருகுவது, முந்தானையை எங்கே முடிவது என்பதில் பாடம் ஆரம்பிக்கும். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு பரிபூரணம் ஓடுவாள். பிடியை விட்டுவிட்டதை ஓட்டுகிறவளுக்குச் சொல்ல மாட்டாள். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பரிபூரணம் எட்டத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் போடும் கூச்சலில் பக்கத்துத் தெருவே எட்டிப் பார்க்கும்.

மூன்று வருஷத்தில் அறுபது, எழுபது பேருக்குப் பழக்கிவிட்டாள். விற்கிற வேலை தன்னுடையதல்ல என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் பழகியவர்கள் வாங்குவதற்கு முன்னால் வைகுண்டராஜிடம் விசாரிப்பதில்லை. அவளிடம்தான் கேட்டார்கள். "வாங்கலாமாக்கா?" என்பார்கள். "தைரியமா வாங்குங்க" என்பாள். அந்தச் சொல்லுக்கு வாங்கியவர்கள்தான் பாதிப் பேர். கிறிஸ்துமஸுக்கு வைகுண்டராஜ் அவள் வீட்டுக்குச் சேலையும் பிள்ளைக்கு கவுனும் கொடுத்தனுப்புவார். ராபர்ட் வீட்டோடு சின்னதாக ஒரு சைக்கிள் பஞ்சர்க் கடை போட்டார். வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள்.

தொண்ணூறாம் வருஷக் கடைசியில் வளைகுடாச் சண்டையைச் சொல்லி பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். அதற்கும் முன்னாலேயே ஜப்பான்காரன் கூட்டோடு செய்த நூறு சி.சி. பைக்குகள் ஊருக்குள் வந்துவிட்டன. ஆண்கள் அந்தக் கடைகளில் வரிசையில் நின்றார்கள். சாரிகாவுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். மறு வருஷம் பேங்குகள் கடனை இறுக்கி, வட்டியை ஏற்றின.

கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தது. ஒரு லாரி வண்டிக்கான பணத்தை டீலர் முன்கூட்டியே டிராப்ட் எடுத்து அனுப்பினால்தான் சரக்கு ஏற்றுவார்கள். வைகுண்டராஜ் பேங்கில் கடன் வாங்கித்தான் டிராப்ட் எடுப்பார். கடையில் நிற்கிற வண்டிகள் அத்தனையும் பேங்குக்கு ஈடு. முன்பெல்லாம் டிராப்ட் போன பத்தாம் நாள் லாரி வந்துவிடும். தொண்ணூற்றொன்றில் அது நாற்பது நாளாகி, பிறகு மூன்று மாதமானது. வட்டி மட்டும் ஒரு நாள் கூட நிற்கவில்லை.

கடைசியாக வந்த லாரி பரிபூரணத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கார்த்திகை மாதம், நல்ல மழை. இருபத்துநாலு வண்டிகளை இறக்கினார்கள். ஸ்பீடாமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்ட ஓட்டை இருந்தது. கண்ணாடி கிடையாது. பாதி வண்டிகளுக்கு சீட் உறை போடவில்லை, பஞ்சு தெரிந்தது. கூட வந்த தாளில் மீதிப் பாகங்கள் பின்னால் வரும் என்று எழுதியிருந்தது.

வைகுண்டராஜ் ஒரு வண்டியின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இத என்னன்னு சொல்லி விக்கச் சொல்றான், பரிபூரணம்?" என்றார். மதுரையில் இருந்து வேறு கம்பெனி மீட்டர்களை வாங்கிப் பொருத்தி, ஒவ்வொரு வண்டிக்கும் கைக்காசு போட்டு விற்றார். விற்ற பணம் பேங்குக்குப் போனது. பரிபூரணத்தின் சம்பளம் அந்த மாதத்தில்தான் முதல் தடவையாக நின்றது. அவள் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்பது?

அந்த நேரத்தில் வந்தவள்தான் சீனியம்மாள்.

கூமாப்பட்டியில் கிராம சுகாதார நர்ஸ். முப்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அம்மா மட்டும் கூட. மலையடிவாரத்தில் தோப்புகளுக்குள் இருக்கிற குடிசைகளுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்வருவாள். ஒரு நாளைக்கு ஏழெட்டு மைல் ஆகும். லீவு நாட்களில் இரண்டு பஸ் மாறி ராஜபாளையத்துக்கு வந்து வண்டி பழகினாள். பயந்த சுபாவம். பிரேக்கைப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு தடவை வேலிக்கருவைக்குள் நேரே விட்டுவிட்டாள். பரிபூரணம் அவள் கையில் இருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தாள்.

"ஊரு பூரா ஊசி போடுற. ஒனக்கு ஒரு முள்ளுக்கு இம்புட்டுக் கண்ணீரா?"

"ஊசி நான் குத்துறது, அக்கா. இது என்னையல்லவா குத்துது."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் சீனியம்மாள் பணத்தோடு வந்தாள். ஆபீஸில் போட்ட லோனும், அம்மாவின் சங்கிலியை விற்ற பணமும் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். கடையில் நல்ல வண்டி ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு பேர் முழுப் பணமும் கட்டினால் அதை அப்படியே டிராப்டாக அனுப்பி லாரியைக் கொண்டுவந்துவிடலாம் என்று வைகுண்டராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி மேனேஜர் போனில் சத்தியம் செய்திருந்தாராம்.

சீனியம்மாள் பணப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "கட்டலாமாக்கா?"

சம்பளம் வராதது பரிபூரணத்துக்குத் தெரியும். சீட் உறை இல்லாத வண்டிகளைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் கட்டினால் கடை பிழைக்கும், கடை பிழைத்தால் தானும் பிழைக்கலாம் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அந்தக் கணக்குதான் அவளை அப்படிப் பேச வைத்தது.

"கட்டு சீனி. ஒரு மாசத்துல வந்துரும்."

மாசி போனது, பங்குனி போனது. லாரி வரவில்லை. போன் அடித்தால் எடுப்பார் இல்லை. ஆனி மாதம் வைகுண்டராஜ் ரயிலேறி நேரிலேயே போனார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது முகத்தில் தாடி இருந்தது. கடைக்குள் வந்து உட்கார்ந்தார். பரிபூரணம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கேட்டுல பூட்டு போட்டிருக்கு" என்றார். "நாலு மாசமா ஸ்டிரைக்காம். உள்ள கரண்டைக்கூட வெட்டிட்டான். வாசல்ல வேப்பமரத்தடியில எங்கள மாதிரி டீலருங்க அம்பது அறுவது பேரு உக்காந்திருக்கோம். ஒருத்தன் ஒரிசாவுலருந்து பொண்டாட்டி பிள்ளையோட வந்திருக்கான். டிராப்டு எங்கேன்னு கேட்டா, வந்த பணம் அம்புட்டையும் பேங்கு அப்பிடியே எடுத்துக்கிடுச்சுன்னு வாட்ச்மேன் சொல்றான். வாட்ச்மேன்! எங்களுக்குப் பதில் சொல்ல அங்க வேற ஆளு இல்ல."

பிறகு அவளை நேராகப் பார்த்தார். "நான் அந்தப் பணத்துல ஒரு பைசா தொடல பரிபூரணம். நான் திருடன் இல்ல."

"தெரியும் முதலாளி" என்றாள். அவர் திருடவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணம் கட்டிய பன்னிரண்டு பேரிடம் போய் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆவணியில் கடையை மூடினார். கடைசி நாள் அவளைக் கூப்பிட்டு, எட்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக டெமோ வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கடை லெட்டர்பேடில் தன் கையாலேயே எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "ரிஜிஸ்டர் பண்றதுக்கு உண்டான பேப்பரெல்லாம் பொறவு தாரேன். இது ஒன்னோடது. நீ ஓட்டித் தேய்ஞ்ச வண்டி" என்றார். இரண்டு வாரத்தில் பேங்கில் இருந்து வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். வைகுண்டராஜின் வீடும் ஏலத்துக்கு வந்தது. அவர் எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அவரைக் காணாதவர்கள் பரிபூரணத்தின் வீட்டைத் தேடி வந்தார்கள். திட்டினவர்கள் உண்டு. மண்ணை வாரித் தூற்றினவர்களும் உண்டு. ஜவுளிக்கடை ஆவுடையம்மாள், தன் மகளுக்கென்று பணம் கட்டியிருந்தவள், தெருவில் நின்று அவள் எத்தனை பங்கு வாங்கினாள் என்று கேட்டாள். பரிபூரணம் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டாள்.

சீனியம்மாள் மட்டும் சத்தம் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர்கள் சர்ச்சில் இருந்து திரும்பி வந்தபோது வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு வண்டி இருக்கு" என்றாள். "எனக்கு லோன்தான் இருக்கு. மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறான். ஓட்டாத வண்டிக்கு."

"அவரு எங்க போனாருன்னு எனக்கும் தெரியல, சீனி."

"அவரு மொகத்துக்காகவாக்கா கட்டினேன்? அந்த மனுசன் யாரு, என்னன்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க கட்டச் சொன்னீங்க, கட்டினேன்." எழுந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போறேன்."

அந்த வாரம் முழுக்கப் பரிபூரணத்துக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியைச் சீனியம்மாளுக்கே கொடுத்துவிடலாம் என்று ராபர்ட்டிடம் சொன்னபோது அவர் கையில் இருந்த ட்யூபைக் கீழே போட்டார்.

"ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா? எட்டு மாசச் சம்பளம்டி அது. அத வித்தா இந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் பாக்கலாம். பதினோரு பேரு வந்துட்டுப் போனாங்களே, அவங்களுக்கெல்லாம் என்னத்தக் குடுப்ப?"

"அவங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. இவளுக்குக் குடுக்க ஒண்ணு இருக்கு."

"நீயா ஏமாத்துன?"

அவள் பழந்துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போனாள்.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. அதற்குள் புகுந்து, வத்திராயிருப்பு வழியாக, பரிபூரணம் வண்டியைக் கூமாப்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனாள். துணை சுகாதார நிலையத்து வாசலில் நிறுத்திச் சாவியை சீனியம்மாள் கையில் வைத்தாள். வைகுண்டராஜ் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் காட்டினாள்.

"பேப்பர் பின்னால தாரேன்னாரு. இன்னும் வரல. அத மறைக்கக் கூடாது பாரு, அதான் சொல்றேன்."

"எங்கூருக் காட்டுக்குள்ள யாருக்கா பேப்பர் கேக்கப் போறா?" என்றாள் சீனியம்மாள். வண்டியின் மேல் கையை வைத்தபடி அழுதாள். அவள் அம்மா உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். பரிபூரணம் பஸ்ஸில் திரும்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அசந்து தூங்கினாள்.

மூன்று மாதம் நல்லபடியாகப் போனது. ஒரு தடவை கூமாப்பட்டி பஸ் கண்டக்டர் ஒரு சாக்கில் தேங்காய்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். உள்ளே ஒரு சீட்டு இருந்தது. தோப்புக்குள் ஒருத்திக்கு வலி கண்டபோது நேரத்துக்குப் போய்ச் சேர முடிந்தது, பிள்ளை பிழைத்தது, ஆண் பிள்ளை என்று சீனியம்மாள் எழுதியிருந்தாள். பரிபூரணம் அந்தச் சீட்டை ராபர்ட்டுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அவர் தேங்காயை உரித்தார்.

தொண்ணூற்றிமூன்று ஜனவரியில், ஒரு புதன்கிழமை காலையில், வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. பேங்க் அதிகாரி ஒருவர், கோர்ட் அமீனா ஒருவர், கூட ஒரு போலீஸ்காரர். அதிகாரி கையில் டைப் அடித்த பட்டியல் இருந்தது. கடையில் இருந்த ஒவ்வொரு வண்டியின் சேஸிஸ் நம்பரும் அதில் இருந்தது. எல்லாம் கணக்குக்கு வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

பரிபூரணம் உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியில் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அதிகாரி அதை முழுக்கப் படித்தார். வயசானவர். கோபமாகப் பேசவில்லை.

"கடையில நின்ன வண்டி அம்புட்டும் பேங்குக்கு ஈடும்மா. இதும் அதுல சேந்ததுதான். அவருக்கே சொந்தமில்லாத ஒண்ண அவரு எப்பிடி ஒனக்குக் குடுக்க முடியும்?"

"எட்டு மாசம் வேல பாத்திருக்கேன் சார்."

"அதுக்கு நீ அவரு மேலதான் கேஸ் போடணும். வண்டி எங்க இருக்கு?"

பரிபூரணம் கடிதத்தை வாங்கி மடிக்கத் தொடங்கினாள். பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பேங்குச் சொத்தை ஒளித்து வைத்தால் அது திருட்டுக் கேஸ், ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்றார். ராபர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அருள்செல்வி பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லிரு, பூரணம்" என்றார் ராபர்ட். "பிள்ள பயப்படுது."

அவள் சொன்னாள்.

வழி காட்டுவதற்கு ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டார்கள். வரவில்லை என்று சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வழி நெடுகத் தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு நிழலைக்கூட அவள் பார்க்கவில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். சுகாதார நிலையத்து வாசலில் கைப்பிள்ளைகளோடு இருபது பெண்களுக்கு மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேப்பமர நிழலில் சிவப்பு வண்டி நின்றது. கேரியரில் ஊசி மருந்துப் பெட்டியைச் சைக்கிள் ட்யூபால் கட்டியிருந்தார்கள். வண்டிக்கு யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஜீப்பைப் பார்த்து, பெரிய டாக்டர்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துச் சீனியம்மாள் ஓடிவந்தாள். முதலில் அதிகாரி இறங்கினார். பிறகு போலீஸ்காரர். அதற்குப் பிறகு பரிபூரணம் இறங்கினாள்.

அமீனா ஈரத்துணியால் வண்டியின் சட்டத்தைத் துடைத்து, குனிந்து நம்பரை உரக்க வாசித்தார். அதிகாரி பட்டியலில் பேனாவால் ஒரு கோடு போட்டார். போலீஸ்காரர் மருந்துப் பெட்டியின் கட்டை அவிழ்த்துத் தரையில் வைத்தார். ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

"என்ன எழவு இது, நர்சம்மா திருட்டு வண்டியா வச்சிருந்தாக?" என்று வரிசையில் இருந்து ஒரு கிழவி கேட்டாள்.

சீனியம்மாள் சாவியை எடுத்து வந்து அமீனாவிடம் கொடுத்தாள். பரிபூரணம் அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"சீனி, எனக்குத் தெரியாதுடி. சத்தியமா தெரியாது. போலீஸ் வந்துட்டாங்க, பிள்ள..."

சீனியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். "பணத்தக் கட்டச் சொன்னதும் நீங்க. வண்டியக் குடுத்ததும் நீங்க. காட்டிக் குடுத்ததும் நீங்கதான்." குரலை உயர்த்தவே இல்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

வண்டியை ஜீப்போடு வந்த டெம்போவில் ஏற்றினார்கள். பரிபூரணத்தை வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அவள் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் கை வைக்கவில்லை. ராஜபாளையத்தில் இன்னொரு கம்பெனிக்காரர் புதிதாகக் கடை திறந்து, பெண்களுக்குப் பழக்கிவிட வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நல்ல சம்பளம்தான். "நான் சொல்லி இனி யாரும் எதையும் வாங்க வேணாம்" என்று சொல்லியனுப்பிவிட்டாள். ராபர்ட்டுக்கு அது ஆகவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் சேர்ந்தாள். மூன்று ஷிப்ட். பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து இருமல் வந்தது. பாதிச் சம்பளம், சம்பளம் இல்லாமல் இருந்த மாதங்களில் வாங்கிய கடன்களுக்கே போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அவள் பக்கத்து இடம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அவளிடம் வண்டி பழகிய டீச்சர்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே நின்று விசாரிப்பார்கள். அவர்களுடைய சாரிகா வண்டிகளும் பாகம் கிடைக்காமல் வீட்டில் நின்றுபோயிருந்தன. அதைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்தில், மில்லில் கூட வேலை பார்த்த முத்துப்பேச்சி வைகுண்டராஜைச் சாத்தூரில் பார்த்ததாகச் சொன்னாள். ஒரு லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க்காக இருக்கிறாராம். பரிபூரணம் லீவு போட்டுவிட்டுப் போனாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சு.

தீப்பெட்டி பண்டல்களுக்கு நடுவில் ஒரு மேஜை. தலை முழுக்க நரைத்து, சட்டைக் காலர் நைந்துபோய், வைகுண்டராஜ் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவருக்கு எழுந்து நிற்பதா, உட்கார்வதா என்று தெரியவில்லை. பாதி எழுந்தபடியே நின்றார்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.

சேர்த்து வைத்த பேச்சு அவ்வளவும் எங்கேயோ போய்விட்டது.

கம்பெனி என்ன ஆனது என்று கேட்டாள். நொடித்துப்போன நோயாளிக் கம்பெனி என்று டெல்லியில் எழுதி வைத்துவிட்டார்களாம். வருஷத்துக்கு இரண்டு வாய்தா நடக்கிறது. மிஞ்சின சொத்தை விற்றுக் கடனடைத்தால் முதலில் பேங்குகள், பிறகு அரசாங்கம், பிறகு தொழிலாளிகள். டீலர்கள் வரிசை எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் லாரி ஆபீஸ் மாடியிலேயே தங்கியிருந்தார். பேங்கு எடுத்த வண்டிகளை என்ன செய்தார்கள் என்று இவள் கேட்டாள்.

"கொடவுன்ல போட்டு வச்சு, மழையில நனஞ்சு, பொறவு எடை போட்டு வித்தான்" என்றார். "ஒன் வண்டி என்ன ஐநூறு ரூவாய்க்குப் போயிருக்கும்."

பரிபூரணம் மேஜைக்கு எதிரே ஒரு பண்டல்மேல் உட்கார்ந்தாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். வண்டி பேங்குக்கு ஈடு என்பது பரிபூரணத்துக்குத் தெரியாது, தானும் சொல்லவில்லை என்று ஒரு கடிதம் வேண்டும். சீனியம்மாளிடம் காட்ட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"சரே" என்றார் அவர். பழக்கத்தில் வந்துவிட்ட அந்தச் சொல் அவரையே என்னவோ செய்தது. லாரி ரசீதின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்து, கிழித்துப் போட்டு, வேறொரு வெள்ளைத்தாள் தேடி எடுத்து எழுதினார். பணத்தைப் பற்றியும் எழுதினார், முழுப் பொறுப்பும் தன்னுடையதுதான் என்று. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும், பேங்கு வருவான்னு. ஒன்ன வெறுங்கையா அனுப்ப மனசு வரல. அதான் குடுத்தேன்."

"வெறுங்கையாவே அனுப்பியிருக்கலாம் முதலாளி" என்றாள் பரிபூரணம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூமாப்பட்டிக்குப் போனாள். சுகாதார நிலையத்தில் வேறொரு பெண் இருந்தாள். சின்ன வயது. சீனியம்மாளை அவளுக்குத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் தங்கச்சாமி சொன்னார்.

"அந்தம்மாவா? திருட்டு வண்டி வச்சிருந்தாகன்னு எவனோ மொட்டக் கடுதாசி போட்டுட்டான். விசாரண, அது இதுன்னு ஒரு வருசம் அலைய விட்டாங்க. பொறவு வடக்க எங்கியோ, தர்மபுரிப் பக்கம் தூக்கியடிச்சுட்டாங்க. அம்மாக்காரி இங்கனயே செத்துப் போச்சு. அதுக்கு வந்துட்டுப் போனதுதான். வீட்டையும் குடுத்துட்டாங்க."

"அட்ரஸ் இருக்கா?"

"நமக்கு எதுக்குத் தாயி குடுக்கப் போறாக?"

பரிபூரணம் ஊருக்குத் திரும்பி, வைகுண்டராஜ் எழுதியதை ஒரு உறையில் போட்டு, கூடவே தானும் ஒரு பக்கம் எழுதி வைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி அடித்துவிட்டு, மறுபடியும் எழுதினாள். தர்மபுரி மாவட்டச் சுகாதார ஆபீஸ் என்று விலாசம் போட்டு, சீனியம்மாள், கிராம சுகாதார நர்ஸ் என்று பெரிய எழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்தாள். அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் தபால் வந்ததா என்று கேட்பாள்.

தொண்ணூற்றாறு சித்திரையில் ஒரு மத்தியானம் தபால்காரர் அந்த உறையையே கொண்டுவந்து கொடுத்தார். மூன்று ஊர் முத்திரை அதன்மேல் விழுந்திருந்தது. குறுக்கே சிவப்பு மையில், இந்தப் பெயரில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. உறையை யாரும் பிரித்திருக்கவில்லை.

"யாரு கடுதாசி?" என்று ராபர்ட் கடையில் இருந்து கேட்டார்.

"நான் போட்டதுதான். திரும்பி வந்திருச்சு."

இரண்டாம் ஷிப்டுக்கு நேரம் ஆகியிருந்தது. பரிபூரணம் உறையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மில் பஸ் வரும் முக்குக்கு நடந்தாள்.